தாத்தா கொண்டுவந்த ஜப்பானிய வாள்: முதலில் பட்டறை வேலையை நிறுத்துங்கள்

கேள்வி: என் அம்மாவின் அப்பா 25வது இந்திய டிவிஷனில் இருந்தவர். 1946-ல் மலாயாவிலிருந்து திரும்பும்போது ஒரு ஜப்பானிய வாள் கொண்டுவந்தார். பழுப்புத் தோல் போர்த்திய உறை. பிடியில் துணிநாடா சுற்றியிருக்கிறது. பிடியின் அடிமுனையில் வெள்ளி போன்ற சிறு பூச்சின்னம், அதோடு பழுப்பும் நீலமுமான குஞ்சம். ஜப்பானிய எழுத்துள்ள சிறு மரச்சீட்டு ஒன்றும் கட்டியிருக்கிறது. வாளின் நீளம் ஏறக்குறைய 26 அங்குலம். துருப்புள்ளிகள் உண்டு, வாய்ப்பக்கம் (வெட்டும் ஓரத்தில்) இரண்டு இடத்தில் சிறிதாகப் பல் விழுந்திருக்கிறது. தெரிந்த பட்டறைக்காரர் பஃப் அடித்துப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். இது உண்மையான சாமுராய் வாளா? என்ன பெறும்? ஜப்பானுக்கு அனுப்பி விற்க முடியுமா? (திருச்சி வாசகர்)

பதில்:

பட்டறைக்காரருக்கு இன்றே ஒரு ஃபோன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்புத்தாள், பிராசோ, புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் அந்த வாளைத் தொடக்கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் துருப்புள்ளிகளும் பல் விழுந்த வாயும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. பஃப் சக்கரம் செய்யும் சேதம் அப்படியல்ல.

காரணம், ஜப்பானிய வாளின் மேற்பரப்பு வெறும் பளபளப்புக்காகத் தேய்க்கப்பட்டதல்ல. தொகிஷி எனப்படும் மெருகுக் கலைஞர், கரடான கல்லில் தொடங்கிப் படிப்படியாக மென்மையான இயற்கைக் கற்களுக்கு வந்து, கடைசியில் விரல்நுனியில் ஒட்டும் மெல்லிய கல்சில்லால் முடிப்பார். அப்போதுதான் வாயோரம் கடினமாக்கப்பட்ட பகுதியின் வெண்கோடும் (ஹமோன்), மடித்து மடித்து அடித்த எஃகின் ரேகையும் (ஹதா) கண்ணுக்குத் தெரியும். மதிப்பிடுபவர் படிப்பது இவற்றைத்தான். பஃப் சக்கரம் இரண்டையும் ஒரே கண்ணாடிப் பளபளப்பில் மூடிவிடும். பக்கவாட்டில் ஓடும் முகட்டுக்கோட்டை மழுக்கும். சூடு ஏறினால் வாயின் கடினத்தையே குறைக்கும். அதைத் திருத்த வேண்டுமானால் இன்னும் எஃகைத் தேய்த்து எடுக்க வேண்டும். இந்த வாள்கள் பலவற்றில் வெளியே கடின எஃகு, உள்ளே மென்மையான எஃகு. வெளித்தோல் தடிமனானதல்ல. அது தேய்ந்து உள்ளெஃகு வெளியே தெரியத் தொடங்கிய வாளைச் சேகரிப்பாளர்கள் ‘களைத்த வாள்’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இனி, கடிதத்திலிருந்தே தெரிவதைச் சொல்கிறேன். தோல் உறை, குஞ்சம், துணிநாடா பிடி எல்லாம் சேர்ந்தால் இது ஜப்பானியத் தரைப்படை அதிகாரியின் ஷின்-குந்தோ என்ற ராணுவ வாள். மேற்கத்திய பாணி வாளை விட்டு, சாமுராய்கள் இடுப்பில் தொங்கவிட்ட பழைய தாச்சி வாளின் வடிவத்தில் 1934-ல் கொண்டுவந்த அமைப்பு அது. 1938-ல் சிறு மாற்றங்களோடு எளிமைப்படுத்தினார்கள். பழுப்பும் நீலமும் கலந்த குஞ்சம் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரையுள்ள அதிகாரிகளுடையது. மேஜர் முதல் கர்னல் வரை பழுப்பும் சிவப்பும். வெள்ளிப் பூச்சின்னம் அந்த அதிகாரியின் குடும்பச் சின்னமாக இருக்கலாம். உங்கள் தாத்தாவின் டிவிஷன் 1945 செப்டம்பர் 9 அன்று மோரிப் கடற்கரையில் இறங்கியது. ஜப்பானிய அதிகாரிகள் வாளைக் கையால் ஒப்படைத்தே ஆகவேண்டும் என்பது தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் கண்டிப்பான நிலைப்பாடு. ஆகவே குடும்பத்தில் சொல்லப்படும் கதைக்கும் பொருளுக்கும் முரண் இல்லை.

ஆனால் இவை அனைத்தும் உறைக்கும் பிடிக்கும் உரிய தகவல்கள். உள்ளே இருக்கும் வாளைப்பற்றி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. பெரும்பாலோர் தொழிற்சாலை எஃகில் செய்த வாளை வாங்கினார்கள். சிலர் கைவினைக் கொல்லரிடம் புதிதாக அடிக்கச் சொன்னார்கள். இன்னும் சிலர் வீட்டிலிருந்த முன்னோர் வாளை, 400 ஆண்டுப் பழையதானாலும், ராணுவப் பிடியில் பொருத்தி எடுத்து வந்தார்கள். மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். குடும்பச் சின்னம் மூன்றாவது வகைக்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, நிரூபிக்கவில்லை. பதில் பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டில் இருக்கிறது. ஜப்பானியர் அதை நக்காகோ என்பார்கள். அதைப் பார்க்காமல் யார் விலை சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிடியைக் கழற்றும் முன் ஒரு சோதனை. பிடி முழுவதும் வார்ப்பு உலோகமாக இருந்து, நாடா சுற்றியதுபோல அதிலேயே அச்சு விழுந்து சாயம் பூசியிருந்தால், அது 1935-ல் வந்த சார்ஜென்ட் ரக வாள். வாளின் பக்கத்தில், கைக்காப்புத் தட்டுக்குச் சற்று மேலே வரிசை எண் வெட்டியிருக்கும். இயந்திரத்தில் செய்தது அது. பிடியைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் துணிநாடா என்று எழுதியிருப்பதால் அதிகாரி வாள் என்றே கொள்கிறேன்.

உறையிலிருந்து உருவும்போது வாளைக் கிடைமட்டமாக, வாய் மேலே பார்க்கப் பிடியுங்கள். கைக்காப்பின் அருகே சிறு பொத்தான் இருந்தால் அது பூட்டு, அழுத்திக்கொள்ள வேண்டும். வாளின் முதுகு உறையின் உட்புறத்தில் சறுக்கிவரும்படி நேராக இழுங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் மேற்பரப்பில் கீறல் விழும். வாய் கீழே இருந்தால் உறையையே அறுத்துக்கொண்டு வரும். உறை பிளந்திருந்தால், பிடித்திருக்கும் கைவிரலையும் சேர்த்து அறுக்கும். 80 ஆண்டு ஆன வாள்தானே, மழுங்கியிருக்கும் என்று எண்ணவே வேண்டாம்.

பிடியின் நடுவே நாடா இடுக்கில் ஒரு சிறு வட்டம் தெரியும். அது மெக்குகி என்ற மூங்கில் ஆணி. ராணுவப் பிடிகளில் சில சமயம் இரண்டாவதாக ஒன்று, அல்லது ஒரு திருகும் இருக்கும். மூங்கில் ஆணி ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து, அதே அளவுள்ள மூங்கில் குச்சியையோ பித்தளைக் கம்பியையோ வைத்து மெல்லத் தட்டினால் மறுபக்கம் வெளியே வரும். இரும்பு ஆணி வைத்து அடிக்காதீர்கள். துளையின் ஓரம் நசுங்கும். பிறகு இடது கையால் பிடியின் அடிமுனையை இறுகப் பிடித்து, வாளைச் சற்றே சாய்த்து மேல்நோக்கி நிறுத்துங்கள். வலது கை முட்டியால் இடது மணிக்கட்டின் மேல் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டில் வாள் பிடிக்குள்ளிருந்து சற்றே எழும்பும். எழும்பியதும் நிறுத்தி, முதுகுப்பக்கத்தைத் துணியால் பிடித்து மீதியை உருவிக்கொள்ளுங்கள்.

அசையவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். பிடியின் உட்புறம் மரம். ஈரத்தில் உப்பி இறுகியிருக்கலாம். நல்ல வறண்ட நாளில் மறுபடி பாருங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்தால் மரம் அதை உறிஞ்சிக்கொண்டு நக்காகோவைக் கெடுக்கும். நாடாவின் கீழுள்ள திருக்கைத் தோலும் பசை விட்டுக் கழன்றுவரும். கைக்காப்பின் இருபுறமும் மெல்லிய தகடுகள் பல இருக்கும். எது எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். தகடுகளில் ஒரே எண் அடித்திருந்தால் அவை ஒரே வாளுக்காகப் பொருத்தப்பட்டவை. அது நல்ல செய்தி.

நக்காகோ கைக்கு வந்ததும் முதல் விதி: துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். காய்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டுவது மட்டும் போதும். எண்ணெய்கூட வேண்டாம். அந்தத் துருதான் வயதுச் சான்று. நூற்றாண்டுகள் கடந்த நக்காகோ கருஞ்சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக, கை பட்டால் துகள் உதிராமல் இருக்கும். போர்க்கால வாளில் துரு மெல்லிய பழுப்பு; அரம் பிடித்த கோடுகள் கூர்மையாகத் தெரியும்; மறைவான இடங்களில் எஃகின் வெளிர்நிறமே எட்டிப்பார்க்கும். ஆரஞ்சு நிறத்தில் பொரிந்து, தொட்டால் விரலில் ஒட்டும் துரு, கூடவே கோணல்மாணலாகக் கீறிய எழுத்து என்றால் அண்மைக்காலத்துப் போலி. உங்கள் வாளின் பின்கதைக்கு அது பொருந்தாது என்றாலும், அடுத்து வேறொரு வாள் வாங்க நினைத்தால் இதை மனத்தில் வையுங்கள்.

அடுத்து முத்திரைகளைத் தேடுங்கள். வாளுடம்பும் நக்காகோவும் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய முத்திரை ஒன்று அடித்திருந்தால், பெரும்பாலும் அது தொழிற்சாலை எஃகில் செய்து எண்ணெயில் குளிரவைத்த வாள், ஷோவா-தோ என்பார்கள். ‘செக்கி’ ஊரின் பெயரெழுத்தோ, ‘ஷோவா’ என்ற எழுத்தோ வட்டத்துக்குள் இருப்பது அதிகம் காணப்படுவது. முத்திரை சிறு நட்சத்திரமாக இருந்தால் கதை வேறு: ராணுவம் அங்கீகரித்த கொல்லர், பாரம்பரிய முறையில் அடித்த வாள் அது. சிவப்பு அல்லது வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண் இருந்தால், பிடி பொருத்தும்போது இட்ட குறி. அதையும் அழிக்காதீர்கள்.

துளைகளை எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் எதுவும் முடிவாகாது. இரண்டு மூன்று இருந்து, ஒன்று நக்காகோவின் கீழ்முனையில் பாதி வெட்டுப்பட்டிருந்தால், நீளமான பழைய வாளைப் பின்னால் யாரோ குட்டையாக்கியிருக்கிறார்கள். அப்படி வெட்டும்போது கொல்லரின் பெயர் போய்விடுவதும் உண்டு. ஆகவே பெயரில்லாத நக்காகோவைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். மிகச் சிறந்த பழைய வாள்கள் பல பெயரில்லாதவையே.

பெயர் இருந்தாலோ, உடனே அதை இணையத்தில் தேடி மகிழ்ந்துவிடவும் வேண்டாம். புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பிறர் வாளில் வெட்டுவது ஜப்பானில் பல நூற்றாண்டுப் பழக்கம். நாகாசோனே கொதெத்சுவின் பெயர் தாங்கிய வாள்களில் மிகப் பெரும்பாலானவை அவருடையவை அல்ல. மசமுனே தன் வாள்களில் பெயர் வெட்டியது மிக அரிது; ஆகவே ‘மசமுனே’ என்று தெளிவாக வெட்டிய வாளைக் கண்டால் சந்தேகமே முதலில் வரவேண்டும். கோடி ரூபாய்ச் செய்திகளில் அடிபடும் ஹோன்ஜோ மசமுனே, தொகுகாவா குடும்பத்தால் 1945 டிசம்பரில் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுப் பிறகு காணாமற்போனது. அதற்கும் மலாயாவில் சரணடைந்த வாள்களுக்கும் தொடர்பில்லை.

இப்போது வாளுடம்பு. அறையை இருட்டாக்கி ஒரே ஒரு பல்பைப் போடுங்கள்; டியூப்லைட் உதவாது. வாள்நுனியை பல்பின் திசையில் நீட்டி, ஒளி வாயோரம் ஓடும்வரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். களிமண் பூசிச் சூடேற்றித் தண்ணீரில் முக்கிய வாளில் ஹமோனின் எல்லை பனிமூட்டம் போலவோ, உள்ளே தனித்தனி மினுக்குப் புள்ளிகளோடோ இருக்கும். எண்ணெயில் குளிர்ந்ததில் அந்த உயிர்ப்பு குறைவு. கோடு மங்கலாக, ஒரே சீராகப் போகும். அமிலத்தால் போட்ட போலிக்கோடு மேலே வெண்சாயம் தேய்த்தது போலத் தட்டையாகக் கிடக்கும். எஃகில் ரேகையே தெரியாவிட்டால் தொழிற்சாலை எஃகு என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: 19ஆம் நூற்றாண்டு வாள்களிலும் போர்க்காலக் கைவினை வாள்களிலும் ரேகை மிக நெருக்கமாக, இல்லாததுபோலவே தோன்றும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள உங்கள் வாளில் இதை உறுதியாகப் பார்க்க முடியாமல் போகலாம். நக்காகோ சொல்வதே அப்போது மேலான சாட்சி.

பல் விழுந்த இடங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பல் என்றால் தொகிஷி சரிசெய்வார். அந்தப் பல்லிலிருந்து வாய்க்குக் குறுக்காக, முதுகை நோக்கி மயிரிழைபோல் கருங்கோடு ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. அது ஹகிரே என்ற பிளவு, கடின எஃகு உடைந்துவிட்டது என்று பொருள், சரிசெய்ய வழியில்லை, மதிப்பு பெருமளவு சரியும். இன்னொரு பெரிய குறை நுனியில் இருக்கும். ஹமோன் வாள்நுனிக்குள் சென்று முதுகுப்பக்கம் திரும்ப வேண்டும். நுனி உடைந்து, அதைத் தேய்த்து மறுபடி கூராக்கிய வாள்களில் கோடு பாதியிலேயே வெளியே ஓடிவிடும். பக்கத்தில் கொப்புளம்போல் எழும்பியவை, நீளவாக்கில் திறந்த மடிப்புகள் குறைகள்தாம் என்றாலும் இந்த இரண்டைப்போல் மோசமல்ல.

அளவும் சரியாக எடுங்கள். நுனியிலிருந்து, முதுகுப்பக்கம் நக்காகோ தொடங்கும் வெட்டு வரை நேர்கோட்டில் அளப்பதே வாளின் நீளம். வளைவைப் பின்பற்றி டேப் ஓட்டக்கூடாது. 60.6 சென்டிமீட்டர், அதாவது இரண்டு ஷாக்கு, அதற்கு மேல் இருந்தால் கட்டானா, குறைந்தால் வக்கிசாஷி. உங்கள் 26 அங்குலம் இந்த முறையில் அளந்ததென்றால் 66 சென்டிமீட்டர். முழு நீள வாள்.

விலைக்கு வருவோம். வெளிநாட்டு ஏலங்களில், உறை பிடியோடு முழுமையாக உள்ள ஷோவா-தோ அதிகாரி வாள் தோராயமாகச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைந்நூறு வரை போகிறது. கைவினைக் கொல்லர் அடித்த போர்க்கால வாள் இரண்டு மூன்று ஆயிரத்தில் தொடங்கும். சான்றிதழ் பெற்ற பழைய கட்டானா பெரும்பாலும் ஐந்தாயிரத்தை ஒட்டித் தொடங்கி, கொல்லரைப் பொறுத்து எங்கும் போகும். பயிற்சி பெற்ற தொகிஷி மெருகிட அங்குலத்துக்கு நூறு டாலருக்குக் குறைவாகக் கேட்பது அரிது. 26 அங்குலத்துக்கு 2,600 டாலர் ஆகிவிடும். ஷோவா-தோவுக்கு அந்தச் செலவு திரும்ப வராது. நல்ல பழைய வாளுக்கு மட்டுமே அது நியாயம்.

ஜப்பானுக்கு அனுப்பும் யோசனையைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் சட்டம் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 100 ஆண்டு கடந்த பொருளைத் தனிநபர் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. அவ்வளவு பழமை இல்லை என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறவேண்டும். ஆயுதம் என்பதால் ஏற்றுமதி உரிமக் கேள்வியும் தனியாக உண்டு. அந்தப் பக்கம் ஜப்பானில், பாரம்பரிய முறையில் அடித்த வாளுக்கு மட்டுமே மாகாணக் கல்வி வாரியம் பதிவுச் சான்று தரும். தொழிற்சாலை எஃகில் செய்த ராணுவ வாளுக்குப் பதிவு கிடையாது. உள்ளே போனால் பறிமுதல்தான். ஆக, பழைய வாளென்றால் இங்கிருந்து போகாது, தொழிற்சாலை வாளென்றால் அங்கே நுழையாது. நடுவே இருக்கும், 100 ஆண்டு ஆகாத போர்க்காலக் கைவினை வாளுக்கு மட்டும்தான் வழி இருக்கிறது. தோக்கியோவின் ரியோகோக்கு பகுதியில் வாள் அருங்காட்சியகம் நடத்தும், 1948-ல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று நான்கு படிகளில் சான்று தருகிறது. அதற்கும் வாள் ஜப்பானில், பதிவுச் சான்றோடு நேரில் இருக்க வேண்டும்.

வீட்டில் வைத்திருப்பதற்கும் ஒரு வார்த்தை. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள வாள் தனி வகையாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. விற்பனைப் பேச்சு எடுப்பதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

அதுவரை பராமரிப்பு எளிது. வாளுடம்பை மட்டும் (நக்காகோவை அல்ல) நீர் கலக்காத ஆல்கஹால் நனைத்த மெல்லிய பருத்தியால், முதுகுப்பக்கமிருந்து பிடித்து, அடியிலிருந்து நுனிநோக்கி ஒரே திசையில் துடையுங்கள். காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, மூச்சுப் படலம்போலத் தெரியும் அளவுக்குப் பூசினால் போதும். ஜப்பானியர் பயன்படுத்தும் கிராம்பு மணமுள்ள சோஜி எண்ணெயும் அடிப்படையில் கனிம எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசினாகும், தவிருங்கள். வெறுங்கை படக்கூடாது, நம் ஊர் வியர்வையில் ஓரிரு நாளிலேயே விரல்ரேகை துருவாகப் பதியும். எண்ணெய் பூசியபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை. தோல் உறையை வெயிலில் காயவைக்காதீர்கள், சுருங்கிவிடும். வாளைக் கிடைமட்டமாக, வாய் மேலே பார்க்க, இரும்பு பீரோவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

கடைசியாக அந்த மரச்சீட்டு. சரணடைந்த நேரத்தில் அதிகாரிகள் தங்கள் பெயர், படைப்பிரிவு, சில சமயம் ஊர் முகவரியும் எழுதிக் கட்டிய சீட்டுகள் அவை. பெரும்பாலான வாள்களில் அது எப்போதோ போய்விட்டது. உங்களுடையது இருக்கிறது. கயிற்றைப் பிரிக்காமல், நீர் படாமல், இருபுறமும் படம் எடுங்கள். தாத்தாவின் படைப்பணிச் சான்றின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். அதிகாரியின் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து வாளைத் திருப்பித் தந்தவர்களும் உண்டு. அந்த எண்ணம் வந்தால், மேலே சொன்ன பதிவுச் சிக்கலை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடுத்து அனுப்ப வேண்டியவை: நக்காகோவின் இருபுறமும், கருப்புத் துணிமேல், நுனிப்பக்கம் மேலே இருக்கும்படி, நேர் மேலிருந்து எடுத்த படங்கள், பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளி விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். எழுத்து தெளிவாக வரவில்லை என்றால், டிரேசிங் தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள்; நக்காகோவுக்கு அதனால் கெடுதல் இல்லை. வாள்நுனியும், பல் விழுந்த இரண்டு இடங்களும் அருகில் எடுத்தவை. மரச்சீட்டின் இருபுறம். கூடவே நேர்கோட்டு நீளம், அடியில் அகலம், முதுகின் தடிமன், துளைகளின் எண்ணிக்கை.